கோழிக் கூண்டில் தண்ணீருக்கு என்ன வேலை?

மணலூர்பேட்டைப் பக்கம் பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டில் போய், "கூண்டை எப்படிம்மா சுத்தம் பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அதுக்கு எதுக்குங்க சுத்தம்? பகல் பூரா வெளிய மேயுது, ராத்திரி மட்டும்தான் அடையுது" என்பது ஒன்று. "வாரத்துக்கு ஒருவாட்டி ரெண்டு குடம் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுவேங்க" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சோம்பல் என்றும் இரண்டாவதைச் சுறுசுறுப்பு என்றும் நினைப்போம். கோழியைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். வாரம் ஒருமுறை கழுவி, ஈரம் காயும் முன்பே மாலையில் கோழியை அடைக்கிற கூண்டில்தான் நோய் சீக்கிரம் வரும்.

ஏன் அப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் போடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். நாட்டுக்கோழி பகலெல்லாம் வெளியே திரிவதால் பாதியை வெளியே போட்டுவிடுகிறது. மீதிப் பாதி ராத்திரி கூண்டுக்குள்தான். பத்துக் கோழி என்றால் ஒரு ராத்திரிக்கு அரைக் கிலோ எச்சம். அதாவது மூன்று சின்ன டம்ளர் அளவு தண்ணீர் கூண்டுக்குள் சேர்கிறது. ஒரு வாரத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல். கோழி மூச்சு விடுவதிலும் ஈரம் வரும். தண்ணீர்ச் சட்டி கவிழ்வது தனிக்கணக்கு. ஆக, கூண்டில் தண்ணீர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. நாம் செய்ய வேண்டிய வேலை அதை வெளியேற்றுவது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் எதிர்த்திசையில் நடக்கிறார்.

சரி, ஈரம் இருந்தால் என்ன கெட்டுவிடும்? மூன்று விஷயம் கெடும்: காற்று, குடல், தோல்.

காற்றிலிருந்து தொடங்குவோம். கோழி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர், யூரிக் அமிலம் என்று பெயர். காய்ந்து கிடக்கும்வரை அது சாது. ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அமோனியா வாயுவாக மாற்றுகின்றன. காலையில் கூண்டைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். கோழிக் கொட்டகைக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியா இருக்கக்கூடாது என்பது பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. அதற்கு மேல் போனால் கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் செயலிழக்கும். கண் சிவந்து நீர் வடியும். சளி, குறட்டை என்று ஆரம்பிக்கும்.

இதை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தவுடன் குனிந்து, கோழி உட்காரும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுங்கள். கண் கரித்தால் அளவு மீறிவிட்டது. திறந்த அந்த முதல் நிமிஷத்திலேயே பார்த்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் மூக்கு பழகிப்போய், "ஒண்ணும் நாத்தம் இல்லையே" என்று பொய் சொல்லும்.

அடுத்தது குடல். குஞ்சு வளர்த்தவர்களுக்கு ரத்தக் கழிச்சல் தெரியும். மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிலிர்த்துப்போய் மூலையில் நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். இதற்குக் காரணம் எய்மீரியா என்ற ஒட்டுண்ணி. நோயுள்ள கோழியின் எச்சத்தில் அதன் முட்டைகள் வெளியே வருகின்றன. வந்த உடனே அவற்றால் நோயைக் கொடுக்க முடியாது. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால், ஒன்றிலிருந்து இரண்டு நாளுக்குள் பக்குவமாகி, அதற்குப் பிறகுதான் விழுங்கிய குஞ்சைத் தாக்கும்.

இந்த இரண்டு நாள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். தினமும், குறைந்தது ஒன்றுவிட்டு ஒரு நாள், எச்சத்தை அள்ளிவிட்டால் ஒட்டுண்ணி பக்குவமாவதற்கு முன்பே வெளியே போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை பிரமாதமாகக் கழுவுவதைவிடத் தினமும் அரைகுறையாகக் கூட்டுவது மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இன்னொரு செய்தியும் உண்டு: பிளீச்சிங் பவுடர், பினாயில் எதற்கும் இந்த முட்டைகள் அவ்வளவாக அசைவதில்லை. காய்ந்தால் சாகும், சூட்டில் சாகும். நல்ல வெயில்தான் மருந்து, அது நம்ம ஊரில் தாராளமாகவே கிடைக்கிறது.

ஆகவே தினசரி வேலை இவ்வளவுதான். கோழியைத் திறந்துவிட்டதும் ஒரு பழைய முறத்தையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு, கோழி உட்காரும் கழிக்கு நேர் கீழே விழுந்த எச்சத்தை மட்டும் அள்ளுங்கள். ராத்திரி எச்சம் முழுக்க அந்த ஒரு வரிசையில்தான் இருக்கும். கழிக்கு அடியில் ஒரு பழைய தகரத்தையோ உரச் சாக்கையோ விரித்துவைத்தால் இன்னும் சுலபம். சாக்கை அப்படியே இழுத்து உதறி வெயிலில் போட்டுவிடலாம். அள்ளிய இடத்தில் ஒரு கை அடுப்புச் சாம்பல் தூவுங்கள், மிச்ச ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கதவைப் பகலில் சாத்த வேண்டாம். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை.

"தரைக்கு என்ன போடறதுண்ணே?" என்று அடுத்த கேள்வி வரும். கையில் கிடைப்பதைப் போடலாம், ஆனால் தெரிந்து போட வேண்டும். நெல் உமி நல்லது; சீக்கிரம் காயும், பூஞ்சணம் லேசில் பிடிக்காது. தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும்; ஆனால் இழுத்ததை விடாது, அதனால் அடிக்கடி வெயிலில் காட்ட வேண்டும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கத்திலிருந்து கரும்புச் சக்கை கிடைத்தால், எலும்பாகக் காய்ந்ததாக இருந்தால் மட்டும் போடுங்கள். ஈரச் சக்கையில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோலும் அப்படித்தான். நன்றாகக் காய்ந்த, கருப்பு படாத தோல் என்றால் சரி.

மல்லாட்டைப் பூஞ்சணத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மல்லாட்டை விளையும் ஊரில் இருக்கிறோம். "பூத்துப்போச்சு, மனுசன் திங்க முடியாது, கோழிக்குப் போடு" என்ற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

தரையில் போட்ட கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். கொழுக்கட்டை போல உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிடித்ததும் லேசாகச் சேர்ந்து, திறந்ததும் உதிர்ந்தால் சரியான பதம். பிடிக்கும்போதே தூள் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. பண்ணைக் கணக்கில் சொன்னால் 20இலிருந்து 30 சதவீதம் ஈரம் இருக்கலாம்.

பதம் சரியாக இருந்தால் கூளம் பழையதாக இருப்பதில் தப்பே இல்லை. 1940களில் அமெரிக்காவின் ஒகையோ மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்ட், சேம்பர்லின் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். கூளத்தை அடிக்கடி மாற்றாமல், கிளறிவிட்டு மேலே மேலே புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனால், கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் இழப்பு குறைவாகவே இருந்தது. இன்று நம்மூர்ப் பண்ணைகளில் ஆழ்கூள முறை என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான். வீட்டில் செய்வதானால் மண் தரையோ சிமெண்ட் தரையோ உள்ள, ஆள் குனிந்து நுழைகிற அளவுக் கொட்டகையாக இருக்க வேண்டும். மூன்று அங்குலம் போட்டு ஆரம்பித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறி, கட்டி பிடித்த இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, புது உமி சேர்த்துவர வேண்டும். மரப்பலகைக் கூண்டுக்கும் திண்ணைக்கு அடியில் கட்டிய சின்ன மாடத்துக்கும் இது தோதுப்படாது. அங்கே தினம் அள்ளுவதுதான் வழி.

கூளம் ஏன் நனைகிறது என்று தேடினால் பத்தில் எட்டுத் தடவை தண்ணீர்ச் சட்டியில்தான் போய் நிற்கும். சட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும். இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் போதும். கோழி காலை விட்டுக் கிளறாது, எச்சமும் உள்ளே விழாது. அதைவிட நல்லது, சட்டியைக் கூண்டுக்கு வெளியே வைப்பது. இருட்டில் கோழி தண்ணீர் குடிக்க எழுந்திருக்காது. தீவனத்தையும் ராத்திரி உள்ளே விடாதீர்கள். சிந்திய குருணைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

மூன்றாவது, தோல். கோழி சாயங்காலம் கூண்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால், "திமிர் பிடிச்ச கோழி" என்று திட்டுவதற்கு முன் கூண்டைப் பாருங்கள். அதுவும் ராத்திரியில் பாருங்கள். கோழிச் செள் என்கிறோமே, அந்தச் சின்னப் பூச்சி பகலில் கோழி மேல் இருக்காது. கழி சுவரில் செருகிய துளை, பலகை இடுக்கு, மண்சுவர் வெடிப்பு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். விளக்கு அணைந்ததும் வெளியே வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்துத் தூவலை விலக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று சொல்வது இதனால்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

இந்தச் செள் இரை இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழி உண்ணி இதைவிடக் கெட்டி, வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும். ஆகவே கூண்டை ஒரு மாசம் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இடுக்கை ஒழிப்பதுதான் வழி. கழிகளைக் கழற்றிச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, முழு நாள் வெயிலில் போடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை செய்யும் பெரிய சுத்தத்தைத் தவிர, தண்ணீருக்குக் கூண்டில் வேலை உண்டு என்றால் இப்படிக் கொதிக்கக் கொதிக்க, காலையில், முழு வெயில் இருக்கும் நாளில்தான். சுவருக்குச் சுண்ணாம்பு கெட்டியாகக் கலந்து, வெடிப்பு வெடிப்பாகப் பார்த்து அடியுங்கள். சுண்ணாம்பின் காரம் பூச்சியைக் கொல்லும், அதன் பூச்சு வெடிப்பை மூடும். கழி முனைகளில் வேப்பெண்ணெய் தடவலாம்.

இதை ஒருமுறை செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான், "என்ன பண்ணாலும் போவலைங்க" என்று சலித்துக்கொள்வார்கள். செள்ளின் முட்டை தப்பித்துவிடும். ஏழிலிருந்து பத்து நாளில் அது பொரிந்து வளர்ந்து மறுபடி முட்டையிடத் தயாராகிவிடும். எனவே முதல் தடவை செய்த எட்டாம் நாள் அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மட்டும் கூண்டில் அடிக்காதீர்கள். அது முட்டை வழியாக நம் தட்டுக்கே திரும்பி வரும். கட்டுமீறிப் போனால் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கோழிக்கும் இதில் பங்கு கொடுக்கலாம். மண்ணில் புரண்டு புழுதியைத் தூவலுக்குள் ஏற்றிக்கொள்வது அதன் குளியல். அந்தப் புழுதி பேனை வழித்து இறக்கும். மழை படாத ஒரு மூலையில், பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டிவைத்தால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இனி பெரிய சுத்தம். இதற்கு வருஷத்தில் இரண்டு வேளை உண்டு. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் புரட்டாசியில் ஒன்று. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது மார்கழிக் கடைசியில் ஒன்று. வீட்டுக்குக் கலக்கிய சுண்ணாம்பில் கடைசி வாளியைக் கூண்டுக்கு ஒதுக்கிவிட்டால் தனிச் செலவு கிடையாது. வரிசை மாறாமல் செய்ய வேண்டும். முதலில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சுரண்டி அள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முழுசாகக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசலோ சுண்ணாம்போ. எச்சம் ஒட்டியிருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அதன் வீரியத்தை எச்சமே தின்றுவிடும். அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கிற வாயுவும் கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதனோடு கலப்பது அதைவிட ஆபத்து. ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவினால் அமோனியா ஒரே மூச்சில் மேலே வரும். அப்போது கோழி உள்ளே இருக்கக்கூடாது.

இரண்டாவது சுத்தம் பொங்கலோடு முடிவதில் இன்னொரு சௌகரியம் உண்டு. தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து, மணலூர்பேட்டையில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா நடக்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளி, விருந்துக்கு வாங்கிய கோழி, சமைக்காமல் மிஞ்சிய சேவல் என்று புதுவரவு இருக்கும். எந்தக் கோழியானாலும் இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

அடுத்து பிப்ரவரி. கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடும். கோடையில் கொத்துக்கொத்தாகக் கோழியைக் கொண்டுபோகிற இந்த நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டில் இமயமலைப் பகுதி ராணிக்கெட்டில் தெரிந்ததால், நம் நாட்டில் ராணிக்கெட் நோய் என்றானது. இது வைரஸ். வந்த பிறகு மருந்து இல்லை. எவ்வளவு காய்ந்த கூண்டும் இதை மட்டும் தடுக்காது. செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வரும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி என்பது வழக்கமான முறை. முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும்.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டது. அப்படி வெள்ளம் புகுந்த கூண்டில் கூளத்தைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தப் பார்க்க வேண்டாம். அத்தனையையும் அள்ளி எறிந்துவிட்டு, நனைந்த தீவனத்தையும் கொட்டிவிட்டு, புதிதாகத் தொடங்குவதுதான் லாபம். இனி கட்டுகிறவர்கள் தரையைச் சுற்றியுள்ள மண்ணைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டலாம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் அடிக்காது, மேல்பக்கம் கம்பி வலை வைத்தால் காற்றோட்டமும் இருக்கும். கோழிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு சதுர அடி இடம் கொடுங்கள். இடம் குறையக் குறைய ஈரம் ஏறும்.

அள்ளிய எச்சத்தைப் பச்சையாக வாழைக்கோ கத்தரிக்கோ போட்டால் வேர் கருகும். சருகு, வைக்கோல் துண்டு இரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, அவ்வப்போது புரட்டி, இரண்டு மூன்று மாசம் மட்கவிட்டுப் போடுங்கள். கை கால் சோப்புப் போட்டுக் கழுவுவதையும், கூண்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்வதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும்: இத்தனையும் செய்தால் கூண்டில் கிருமியே இருக்காதா? இருக்கும், இருக்கவும் வேண்டும். ரத்தக் கழிச்சலை எதிர்க்கும் சக்தி, குஞ்சு அந்த ஒட்டுண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கித்தான் வருகிறது. காய்ந்த கூளத்தில் ஒன்றிரண்டு பக்குவமாகும். குஞ்சு அதை விழுங்கிச் சமாளித்துத் தேறும். ஈரக் கூளத்தில் ஆயிரக்கணக்கில் பக்குவமாகும், குஞ்சு தாங்காது. அந்த ஒகையோ பழைய கூளத்தில் கோழி பிழைத்ததற்கும் இதுவே ஒரு காரணம். மருத்துவமனைத் தரை போலப் பளபளப்பாக வைத்திருக்க நாம் பாடுபட வேண்டியதில்லை. நாளைக்குக் காலையில் கூண்டைத் திறந்ததும் ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் முறத்தை எடுத்துவந்து வழக்கம்போல அள்ளுங்கள். உருண்டையாக நின்றால், முதலில் தண்ணீர்ச் சட்டியை வெளியே எடுத்து வையுங்கள்.